திகதியின் பெறுமதி

நம்மவர் இல்லங்களிலே ஒரு குழந்தை பிறந்துவிட்டால், நாளும் நட்சத்திரமும் மாத்திரமல்ல, நாழிகையும் தவறாமற் குறித்துச் சாதகம் எழுதுவிப்பது வழக்கம். அந்த ஏட்டுக்கு மஞ்சள் தடவிப் பெட்டியிலே பத்திரமாக வைக்கின்றோம். கலியாணப் பேச்சு வரும்போதும், வீட்டிலே துன்பம் நேரும்போதும் எடுத்துப் பார்க்கின்றோம். ஆனால், அதே குழந்தை வளர்ந்து ஒரு தொழிலிற் சேர்ந்த திகதி யாது என்று கேட்டால், வீட்டில் எவருக்கும் விடை தெரிவதில்லை. ‘அது கந்தோரில் இருக்கும்’ என்று சொல்லி அமைந்துவிடுகின்றோம். கந்தோரில் இருப்பது எந்த நாள், அது சரியான நாள்தானா என்று ஆராய்வார் இல்லை. முப்பது வருஷம் சென்ற பின்னர், அந்த ஒரு திகதியே ஒரு குடும்பத்தின் கைக்கு வரும் பணத்தை நிர்ணயிக்கின்றது. ஆதலால், இவ்வாரம் திகதிகளைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

முதலில் எளிய உதாரணம் ஒன்று. பதுளைக் கடைவீதியிலே ஒருவர் குளிர்சாதனப் பெட்டி வாங்குகின்றார் என வைத்துக்கொள்வோம். ஒரு வருஷகாலம் இலவசமாகப் பழுது பார்த்துக் கொடுப்பதாக வியாபாரி உறுதி கூறுகின்றார். பணம் செலுத்தியது மார்ச் 28. பெட்டி லொறியில் ஏறிப் பசறைக்கு அப்பாலுள்ள வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஏப்ரல் 5. வருஷப்பிறப்புக் கழிந்து, மின்சார இணைப்புக் கொடுத்து அது ஓடத் தொடங்கியது ஏப்ரல் 19. விபரங்கள் கடைக்காரரின் கணினியிலே பதியப்பட்டது ஏப்ரல் 30. அடுத்த ஆண்டு ஏப்ரல் 10ஆம் திகதி பெட்டி பழுதாகின்றது. பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணினால் உறுதிமொழி முடிந்துவிட்டது. ஓடத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் இன்னும் ஒன்பது நாள் இருக்கின்றது. நான்கு திகதிகளும் உண்மையானவையே. ஆயினும், ஒவ்வொன்றும் வேறொரு நிகழ்ச்சிக்கு உரிய திகதி. சீட்டிலே ‘ஆரம்பத் திகதி’ என்று ஒரே ஒரு கட்டம் மட்டும் இருந்தால், அங்கே எதை எழுதுவது? எது ஆரம்பம் என்பதை முன்னரே பேசித் தீர்மானிக்காதவிடத்து வழக்குத்தான் மிஞ்சும்.

இக்காலத்திலே வாடிக்கையாளர் விபரங்களைப் பேணுவதற்கென்றே தனி மென்பொருள்கள் உள்ளன. வாங்கியவர் பெயர், வாங்கிய பொருள், சேவைத் திட்டம் தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகிய யாவற்றையும் அவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். ஆனால், கணினிக்கு ஞாபகசக்தி உண்டேயன்றி விசாரிக்கும் சக்தி இல்லை. புதிய பதிவு ஒன்றைத் திறந்தவுடன், திகதிக் கட்டத்திலே அன்றைய திகதியைத் தானாகவே இட்டுக்கொள்ளும்படி பல மென்பொருள்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அவசரத்தில் இருக்கும் லிகிதர் அதை மாற்றாமல் விட்டால், எழுதிய நாளே நிகழ்ந்த நாளாகிவிடும்.

இன்னொரு பிழையும் உண்டு. 07/04/1985 என்பதை நாம் ஏப்ரல் 7 என வாசிக்கின்றோம். அமெரிக்க வழக்கத்தைப் பின்பற்றும் கணினியோ ஜூலை 4 என வாசிக்கும். நாளின் எண் 12க்கு மேற்பட்டால் பிழை வெளிப்பட்டுவிடும். அதற்கு உட்பட்டால் ஒருவர் கண்ணிலும் படாது. இந்த மயக்கத்தை நீக்குவதற்காகவே, வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதும் சர்வதேச நியமம் 1988இல் வெளியிடப்பட்டது. 1985-04-07 என்று எழுதினால் எவரும் பிழையாக வாசிக்க இடமில்லை. மாணவர்கள் இப்போதிருந்தே இதனைப் பழகிக்கொள்வது நன்று.

குளிர்சாதனப் பெட்டிக்கு நேரும் இடையூறு மனிதருக்கு நேர்ந்தால் என்னாகும்? அதனை அறிய ஊவாவின் தோட்டங்களையே பார்க்கலாம். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, தெமோதரை, அப்புத்தளை என்று மலைச்சரிவெங்கும் பரந்துள்ள தோட்டங்களில், ஒருவருடைய தொழில் வாழ்வு ‘பேர் பதிதல்’ என்னும் நிகழ்ச்சியோடு தொடங்குவதாகக் கருதப்படுகின்றது. பெயர் செக்றோலில் ஏறினால்தான் அவர் தோட்டத்துத் தொழிலாளி. காலைப் பிரட்டிலே அழைக்கப்படும் பெயரும், மாத முடிவிலே எண்ணப்படும் நாட்சம்பளமும் அந்த ஏட்டைச் சார்ந்தவை. அக்காலத்திலே ‘துண்டு’ என்றொரு கடதாசி இருந்தது. தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவரை வேறு தோட்டத்துக்கு விடலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது அது. 1921இல் சட்டத்தினால் அந்த முறை ஒழிக்கப்பட்டது. துண்டு போயிற்று, ஆனால், எவரோ எழுதிய எழுத்தொன்று தொழிலாளியின் வாழ்வை ஆளும் நிலைமை முற்றாகப் போய்விடவில்லை.

தோட்டங்களின் நிருவாகம் ஒரு தலைமுறைக்குள்ளே பன்முறை கைமாறியது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், 1975இல் வந்த அதன் திருத்தமும் தோட்டங்களை அரசின் வசமாக்கின. 1992இல் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிருவாகம் மாறினாலும், கொழுந்து எடுத்த கை மாறவில்லை. தொழிலாளியின் சேவை அறுபடாமல் தொடர்ந்தது. ஆனால், இவ்வாறு கைமாறும்போதெல்லாம் இடாப்புகள் பிரதி பண்ணப்படும். பழைய கொப்பியிலிருந்து புதிய கொப்பிக்கும், கொப்பியிலிருந்து கணினிக்கும் விபரங்கள் ஏறும். அவ்வேளையிலே, புதிய முகாமை பொறுப்பேற்ற நாளையே தொழிலாளி சேர்ந்த நாளாக எழுதிவிட்டால் நட்டம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் இடங்களிலே, ஐந்து வருஷத்துக்குக் குறையாமற் சேவை செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளம் பெறாத தொழிலாளிக்கு, பூர்த்தியான ஒவ்வொரு சேவை வருஷத்துக்கும் பதினான்கு நாட்சம்பளம்; அதுவும் இறுதியாகப் பெற்ற சம்பள வீதத்தில். 1985 ஜூலை 4இல் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், 2022 ஜூலை 10இல் ஓய்வு பெறுகின்றார் எனக் கொள்வோம். பூர்த்தியான வருஷங்கள் 37. ஆகவே 518 நாட்சம்பளம். சேர்ந்த நாள் 1992 ஜூலை 1 என்று ஏட்டிலே இருந்தால் வருஷங்கள் 30. 420 நாட்சம்பளமே கிடைக்கும். கணக்கின் எளிமைக்காக ஒரு நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வைத்தால், குறைவது 98,000 ரூபாய். ஏழு வருஷ வெயிலும் மழையும் அட்டைக்கடியும் ஒரு கட்டத்திலே விழுந்த பிழையினால் மறைந்து போகின்றன. பூர்த்தியான வருஷங்கள் மாத்திரமே கணக்கில் வருவதால், ஒரு நாள் வித்தியாசங்கூட ஒரு முழு வருஷத்தை விழுங்கவல்லது. ஏப்ரல் 7இற் சேர்ந்தவர் கணினியிலே ஜூலை 4இற் சேர்ந்தவராகி, ஒரு ஜூன் மாதத்திலே ஓய்வு பெற்றால், அவர் பதினான்கு நாட்சம்பளத்தை இழந்தவராவார்.

ஊழியர் சேமலாப நிதியைப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் அது ஏற்பட்டது. இன்றைய விதிப்படி தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், தொழில் கொள்வோரின் பங்கு 12 சதவீதம். இவை குறைந்தபட்ச வீதங்கள். இந்த உரிமை பெயர் பதிந்து நிரந்தரமாக்கப்பட்ட நாளிலிருந்து தொடங்குவது என்று பலர் எண்ணுகின்றனர், அது தவறு. தற்காலிகத் தொழிலாளிக்கும் அமையத் தொழிலாளிக்கும் வேலை செய்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. ஆகவே, முதன்முதல் வேலை செய்த நாள், பெயர் பதிந்த நாள், கணினியில் ஏறிய நாள் என்ற மூன்றையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

இந்த நிதியை மீளப்பெறும் வயது ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50. இங்கே பிறந்த திகதியும் வந்து சேர்கின்றது. நமது தேசிய அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த நாள் ஒளிந்திருப்பதை மாணவர்கள் பலர் அறியார். முதலில் வருவது பிறந்த வருஷம். அடுத்த மூன்று எண்கள் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்து எண்ணுவது அங்கே முறை. பெண்களாயின் 500 கூட்டப்படும். 1967 மார்ச் 10இற் பிறந்த பெண்ணுக்கு 31, 29, 10 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 70. அதனோடு 500 சேர்ந்து 570. உங்கள் வீட்டார் ஒவ்வொருவருடைய அட்டையையும் எடுத்து இக்கணக்கைச் செய்து, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்திராவிட்டால் அதனைத் திருத்த முயலவேண்டிய காலம் இன்று. ஐம்பதாவது வயதில் அன்று.

திகதி பணத்தை மாத்திரமா நிர்ணயித்தது? மலையகத் தமிழருக்குத் தேசத்தையே நிர்ணயித்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் மணமானவர் ஏழு வருஷமும், மணமாகாதவர் பத்து வருஷமும் இடையறாது இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்கும்படி கேட்டது. ஊருக்குப் போய்த் திரும்பிவரப் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்டால் வசிப்பு அறுந்ததாகக் கருதப்படும். எழுத்தறியாத ஒரு தாய், தான் கப்பலேறிய நாளையும் திரும்பிய நாளையும் எதைக்கொண்டு காட்டுவாள்? பின்னர் 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதே ஒக்டோபர் 30ஐ எல்லையாக வைத்தது. அந்நாள் தொட்டு இந்நாட்டில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும், அவர்தம் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. ஒரு திகதியினால் வந்த துயரத்தை இன்னொரு சட்டம் அதே திகதியைக்கொண்டு ஓரளவு தீர்த்தது.

இனி, செய்யத்தக்கன யாவை என்று பார்ப்போம். இடாப்பு எழுதுவோர் நிகழ்ந்த நாளுக்கு ஒரு கட்டமும், பதிந்த நாளுக்கு வேறொரு கட்டமும் வைத்தல் வேண்டும். எந்த நிகழ்ச்சியின் திகதி என்பதும், எந்தச் சான்றைப் பார்த்து எழுதப்பட்டது என்பதும் தெளிவாக இருத்தல் வேண்டும். நாள் தெரியாதவிடத்து ஜனவரி 1 என்று இட்டு நிரப்புதல் ஆகாது. மாதமும் வருஷமும் மாத்திரம் தெரியுமாயின், அவ்வளவே எழுதலாம். பிழையைத் திருத்தும்போது பழைய திகதியை அழித்துவிடாது, குறுக்கே கோடிட்டு, திருத்தியவர் யார், என்றைக்கு என்று குறிப்பதே முறை. நூற்றுக்கணக்கான பெயர்களை ஒருவராக நின்று எழுதும் கிளாக்கர்மார் மீது முழுப் பழியையும் சுமத்துதல் நியாயமன்று. தன் வாழ்வைப் பற்றிய பதிவைத் தானே ஒருமுறை பார்த்துச் சரிபிழை சொல்லும் வாய்ப்புத் தொழிலாளிக்கு இருந்தால், கிளாக்கரின் சுமையும் குறையும்.

பார்ப்பதற்கு எழுத்தறிவு வேண்டும். அங்கேதான் மாணவர்களின் கடமை தொடங்குகின்றது. “அம்மாயி, நீங்க பேர் பதிஞ்சது எப்ப?” என்று கேட்டுப் பாருங்கள். “உங்க மாமன் பொறந்து மூணாம் மாசம், தேர்த்திருவிழாவுக்கு முந்தின வாரம்” என்று விடை வரும். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். இதுவும் ஒரு திகதியே. மாமனுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பார்த்து மூன்று மாதத்தைக் கூட்டினால் மாதமும் வருஷமும் வெளிப்படும். கோயிற் கணக்குப் புத்தகத்திலே திருவிழா நாள் இருந்தால் வாரமும் வெளிப்படும். அதனைச் சேமலாப நிதியின் கூற்றிலுள்ள முதற் செலுத்துகையோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் முதலில் தோட்டக் கந்தோரிலும், அங்கே தீராவிட்டால் பதுளைத் தொழிற் காரியாலயத்திலும் எழுத்திலே கேட்கலாம். வேலை நீங்கி முப்பது நாளுக்குள் பணிக்கொடை கொடுக்கப்படவேண்டும் என்பது சட்டம். ஆனால், அந்த முப்பது நாளுக்குள் முப்பது வருஷத்துக் கணக்கைத் தேடித் திருத்துவது எளிதன்று.

சம்பளச் சீட்டு, நிதிக் கூற்று, அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளை வீட்டுக்கு வெளியேயும் ஓரிடத்தில் வைத்திருங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் அறிவோம். கைத்தொலைபேசியிற் பிடித்த படத்தைத் தூரத்திலுள்ள உறவினருக்கும் அனுப்பி வைத்தால் போதும். சாதகம் வைத்திருக்கும் அதே பெட்டியிலே, ஒரு சாதாரணக் கொப்பியும் இருக்கட்டும். அதிலே வீட்டார் ஒவ்வொருவரும் தொழிலிற் சேர்ந்த நாளும், நீங்கிய நாளும், அவற்றை அறிந்த விதமும் எழுதப்பட்டிருக்கட்டும். அடுத்த விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் அக்கொப்பியின் முதற் பக்கத்தை எழுதிவிட்டுத் திரும்புவாராக.