தேடினால் கிடைக்க வேண்டும்!



இறுதியாண்டு புராஜெக்ட் என்றதும் நம் பசங்களுக்கு நினைவு வருவது ஒரு வெப் பக்கம், அதில் ஒரு பட்டியல், மேலே ஒரு தேடல் பெட்டி. ஜாவாஸ்கிரிப்ட்டில் இது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பெட்டியில் அடிக்கும் சொல்லை எடுத்து, ஒவ்வொரு வரியோடும் 'இன்க்ளூட்ஸ்' போட்டு ஒப்பிட்டு, பொருந்தாத வரியை மறைத்தால் தீர்ந்தது. சில நூறு வரிகளுக்குத் தனி டேட்டாபேஸ்கூட வேண்டாம்.

நானும் நூலகப் பட்டியலுக்கு அப்படி ஒன்று செய்து மார்க்கும் வாங்கிவிட்டேன். ஒருநாள் மெக்கானிக்கல் தம்பி ஒருவன் ஓடி வந்தான். "அண்ணே, கொதிகலன்னு போட்டா அப்படி புக்கே இல்லைங்குது. பரீட்சைக்கு நாலு நாள்தான் இருக்கு!" போய்ப் பார்த்தால் புத்தகம் அலமாரியில் சும்மாதான் இருக்கிறது!

என்ன கோளாறு? யூனிகோடில் 'கொ'வை இரண்டு விதமாகப் பதியலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி முழுவதற்கும் ஒரே எண் தரலாம். ஒற்றைக்கொம்புக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண் என்று பிரித்தும் தரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. 'கோ', 'கௌ' வரிசைக்கும் இதே கதிதான். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய என் பட்டியலில் பிரிந்த வடிவம். தம்பி அடித்ததோ சேர்ந்த வடிவம்.

மருந்தும் ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே இருக்கிறது. இன்க்ளூட்ஸ் வந்த அதே 2015 பதிப்பில்தான் 'நார்மலைஸ்' என்பதும் வந்தது. ஒப்பிடுமுன் தேடும் சொல்லையும் பட்டியல் வரியையும் அதன் வழியே அனுப்பினால் இரண்டும் ஒரே வடிவமாகிவிடும். ஒரு வரி வேலை! நான் ஏன் செய்யவில்லை? இங்கிலீஷில் நாலு சொல் அடித்துப் பார்த்துவிட்டு 'ஓகே' என்று எழுந்துவிட்டேன். குற்றம் தமிழுடையதல்ல, என் சோம்பலுடையது.

இன்னொன்று. கொதிகலனை ஒருவன் 'பாய்லர்' என்றும் தேடுவான். நார்மலைஸ் அதற்கு உதவாது. அந்தச் சொல்லையும் புத்தக வரியோடு நாம்தான் சேர்த்து வைக்க வேண்டும். ஒன்றும் அகப்படாதபோது 'இல்லை' என்று அடித்துச் சொல்லாமல், 'பட்டியலில் அகப்படவில்லை, நூலகரைக் கேளுங்கள்' என்று காட்டினால் என்ன குறைந்துவிடும்?

நாளை நாம் ரேஷன் பட்டியலுக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் தேடல் பெட்டி எழுதப் போகிறவர்கள். அங்கே 'கோமதி' என்று அடித்து, பெயரே இல்லை என்று வந்தால், அந்த அம்மா யாரிடம் போய்க் கேட்பார்?

அடுத்த புராஜெக்டை முடிக்குமுன், உங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் ஒருமுறை அடித்துப் பாருங்கள் தோழர்களே!