கருந்துளையை வாசித்தல்

2019 ஏப்ரல் 10 அன்று எம்87 விண்மீன் மண்டலத்தின் மையக் கருந்துளைப் படம் வெளியானபோது, நம்மில் பலர் அதை ஒரு நொடியில் கடந்துபோனோம். மங்கலானதொரு வளையம், நடுவே இருள். ‘இவ்வளவுதானா?’ என்று கேட்டவர்களும் உண்டு. ஐந்தரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வந்த ஒரு பிரதியை நாம் பார்த்தோம், வாசிக்கவில்லை.

அது கணினி புனைந்த படம் என்பாரும் உளர். வானொலி அலைகளைப் படமாக்கக் கணிப்பு தேவைதான். அந்த ஆரஞ்சு நிறமும் நாம் பூசியதே. ஆயினும் நான்கு குழுக்கள் தனித்தனியே முயன்றும் அதே வளையத்தையே கண்டன.

வளையத்தின் அளவைத் தீர்மானிப்பது நிறை: சுமார் 650 கோடிச் சூரியன்கள். சுழற்சி அந்த அளவைச் சிறிதே மாற்றும். ஆனால் தென்புறம் மட்டும் ஏன் கூடுதலாக ஒளிர்கிறது? அங்கே, ஒளிவேகத்தை நெருங்கும் வேகத்தில் வாயு நம் பக்கமாகச் சுழன்று வருகிறது. நெருங்கும் ஒளி செறிகிறது. விலகும் ஒளி மங்குகிறது. கருந்துளை எத்திசையில் சுழல்கிறது என்பதை அந்தப் பக்கச்சார்பிலிருந்தே ஆய்வாளர்கள் ஊகித்தனர்.

2021 மார்ச்சில், அதே 2017ஆம் ஆண்டு அவதானிப்புகளிலிருந்து இன்னொரு படம் வந்தது. ஒளியலைகள் எத்திசையில் அதிர்கின்றன என்பதைக் காட்டும் சுருள்கோடுகள் அதில் இருந்தன. அவை காந்தப்புலத்தின் தடயங்கள். அப்புலத்தின் வலிமை 1 முதல் 30 காஸ் வரை எனக் கணித்தார்கள். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்தைவிடவும் குறைவு! எனினும் உள்ளே விழும் வாயுவில் ஒரு பகுதியைப் பின்தள்ள அது போதும். காந்தப்புலம் கருந்துளையின் சுழற்சி ஆற்றலை வெளியே கடத்தும் என்று பிளாண்ட்ஃபோர்டும் ஸ்னாயெக்கும் 1977இலேயே கூறினர். 1918இல் ஹீபர் கர்ட்டிஸ் கண்ட விந்தையான நேர்கீற்று, ஆயிரக்கணக்கான ஒளியாண்டுகள் நீளும் அத்தகைய பாய்ச்சலே என்று இன்று கருதப்படுகிறது.

2025இல் வெளியான ஒப்பீடு மேலும் வியப்பளித்தது. 2017க்கும் 2021க்கும் இடையே சுருள்கோடுகளின் திசை தலைகீழாகியிருந்தது. வளையத்தின் அளவோ மாறவில்லை.

ஆகவே, ‘கருந்துளையின் புகைப்படம்’ என்று சொல்லி முடித்துக்கொள்வது நமக்கே இழப்பு என்பது எங்கள் கருத்து. அந்த இருளுக்கென்று தோற்றம் ஏதுமில்லை. நாம் காண்பது, சுழற்சியும் காந்தப்புலமும் அதன் விளிம்பில் எழுதி, அழித்து, மீண்டும் எழுதுவதை. அடுத்த படம் வரும்போதேனும் சற்று நின்று வாசிப்போம்.