வருவது நிற்காது, நிற்பது வராது

சனிப்பெயர்ச்சி நெருங்கினால் இரண்டு சமாச்சாரம் தவறாமல் வரும்: ராசிபலன் புத்தகம், திருநள்ளாற்றுச் செயற்கைக்கோள் கதை. சனீஸ்வரன் சன்னிதி உள்ள அந்த ஊர்க் கோயிலுக்கு நேர் மேலே வரும் எந்தச் செயற்கைக்கோளும் 3 விநாடி ஸ்தம்பித்துவிடுகிறதாம். சனிக்கிரகத்தின் கருநீலக் கதிர் அங்கே விழுவதுதான் காரணமாம். ஆராய்ந்த நாசா விஞ்ஞானிகள் நேரில் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்களாம். மேடைக்கு மேடை கைத்தட்டல் வாங்கிய கதை இது. எந்தச் செயற்கைக்கோள், எந்த வருஷம், எந்த விஞ்ஞானி என்று கேட்டுப் பாருங்கள். "நாசாவே சொல்லியிருக்கு சார்" என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. நாசா அப்படி எதுவும் சொல்லவில்லை.

சொல்லவும் வழியில்லை. சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 7.7 கி.மீ. அந்த வேகம் இருப்பதால்தான் அது விழாமல் சுற்றுகிறது. நடுவில் நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்ப அது டவுன் பஸ் அல்ல. நின்றால் விழ ஆரம்பித்து, சில நிமிடங்களில் காற்றுமண்டலத்துக்குள் இறங்கிவிடும்.

"அப்போ டிவி சேட்டிலைட் மட்டும் எப்படி ஒரே இடத்தில் நிற்குது?" என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. அதுவும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பூமி சுழலும் கதியிலேயே கூடச் சுற்றுவதால் நமக்கு நிற்பதுபோல் தெரிகிறது. அதற்கு அது பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருந்தாக வேண்டும். திருநள்ளாறோ ரேகைக்கு வடக்கே கிட்டத்தட்ட 11 டிகிரியில் இருக்கிறது. ஆக, அந்த ஊருக்கு மேலே வருவது நிற்காது, நிற்பது வராது.

கதிர் விஷயம் இன்னும் வேடிக்கை. சனி நமக்கு மிக அருகில் வரும்போதே சுமார் 120 கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கிருந்து எது வந்தாலும் பூமியின் ஒரு பாதி முழுக்க விழும். பக்கத்துக் காரைக்காலை விட்டுவிட்டுக் கோபுரத்தைப் பார்த்து மட்டும் இறங்காது.

இவ்வளவும் கேட்டபின், "நிற்கலைங்க, வேலை செய்யாமப் போகுது, அவ்வளவுதான்" என்று ஒரு படி இறங்குவார்கள். ஒரு சனிக்கிழமை காலை திருநள்ளாற்றுத் தெருவில் நின்று பார்க்கட்டும். வழி தெரியாத வெளியூர் வேன் டிரைவரைச் செல்போனிலிருந்து ஒரு பெண்குரல் இடது, வலது என்று சொல்லிக் கோயில் பக்கம்வரை கூட்டிவருகிறது. அந்தப் போனுக்கு ஒரே நேரத்தில் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால்தான் இடம் சரியாகத் தெரியும். அவற்றில் ஒன்று 3 விநாடி நின்றிருந்தாலும் தன் பாதையில் 11 கி.மீ.க்கு மேல் பின்தங்கியிருக்கும். வேன் எங்கேயோ போயிருக்கும்.

"பொய்யாவே இருக்கட்டும், பக்தியைத்தானே வளர்க்குது, விடுங்களேன்" என்கிறார்கள். இந்தப் பெருந்தன்மைதான் எனக்கு ஒத்துவரவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. அது கடலில் இருக்கும்போதே தொடர்ந்து பார்த்துச் சொன்னவை இன்சாட் செயற்கைக்கோள் படங்கள். அந்த எச்சரிக்கையை நம்பித்தான் ஆயிரக்கணக்கானோர் முகாம்களுக்குப் போனார்கள். அந்தக் கடலோரத்துப் பிள்ளைகளிடமா, செயற்கைக்கோள் உங்கள் ஊருக்கு மேலே வந்தால் வேலை செய்யாது என்று சொல்லுவீர்கள்?

கோயிலுக்காவது இதில் பெருமை உண்டா? தேவார மூவரும் பாடிய தலம் அது. ஏழு விடங்கத் தலங்களில் ஒன்று. மதுரை அனல்வாதத்தில் தீயிலிட்டும் கருகாத சம்பந்தரின் பச்சைப் பதிகம் இந்தத் தலத்துக்குரியது என்கிறது பெரியபுராணம். மூலவர் தர்ப்பாரண்யேசுவரர் என்பதுகூட, செயற்கைக்கோள் கதை சொல்பவர்களில் பலருக்குத் தெரியாது. சனீஸ்வரனைக் கும்பிடுவது அவரவர் நம்பிக்கை; அதில் தலையிட எனக்கு என்ன இருக்கிறது? ஆனால் நாசாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது நானல்ல. ஏற்றிய பிறகு குறுக்குவிசாரணை கூடாது என்றால் எப்படி?

2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று ஊரெங்கும் பேச்சானபோது, இங்கே வாக்கியப் பஞ்சாங்கம்தான் கணக்கு, அதன்படி பெயர்ச்சி 2026-ல்தான் என்று கோயில் தரப்பே விளக்கம் கொடுத்தது. தேதி தப்பு என்று கோயிலே திருத்தலாம், 3 விநாடி தப்பு என்று நாம் திருத்தினால் மட்டும் தெய்வக் குற்றமா?