தானா ஆறிடுமா?

ஸ்ரீரங்கத்தில் நாய்க்கு அடிபட்டால் டாக்டருக்கு முன்னால் வைத்தியம் வந்து நின்றுவிடும். மார்கழி மாதம், விடியற்காலை. வடக்கு அடையவளஞ்சான் வீதியில் வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டு எங்கள் வீட்டு சிட்டு கேட்டுக்கு வெளியே தலையை நீட்டினாள். ஐந்து கிலோ வெள்ளை ஸ்பிட்ஸ். ஊரில் இந்த ஜாதிக்கே பாமரேனியன் என்றுதான் பெயர். தெருமுனை நாய் ஒன்று வந்து முதுகோடு கவ்வி, நாலு உதறு உதறி, போட்டுவிட்டுப் போயிற்று. எல்லாம் பத்து விநாடிக்குள்.

“கவலைப்படாதேங்கோ. நாய் ஜன்மம், நக்கிண்டே ஆத்திண்டுடும்” என்றார் எதிர்வீட்டு மாமி. “தெருவுல கெடக்குறதெல்லாம் ஆஸ்பத்திரிக்கா போவுது சார்?” என்றார் பால்காரர். அப்புறம் மஞ்சள், காப்பித்தூள், பாதி மாத்திரை, பத்து நாள் கணக்கு என்று வரிசையாக வந்தன. எல்லாம் நல்ல மனதோடு சொன்னவை, ஏறக்குறைய எல்லாமே தப்பு. அதை நான் ஒரு ராத்திரி தாமதமாகத் தெரிந்துகொண்டேன்.

பால்காரரின் வாதத்தை முதலில் எடுக்கிறேன். இருப்பதிலேயே பலமானது அதுதான், ஏனென்றால் கண் முன்னால் சாட்சி இருக்கிறது. சித்திரை வீதியிலிருந்து அம்மா மண்டபம் வரை நடந்து பாருங்கள்: காது கிழிந்து ஆறியது, பின்னங்கால் வளைந்தபடியே கூடிக்கொண்டது, முதுகில் முடி முளைக்காத தழும்போடு திரிவது. இதெல்லாம் மருந்தில்லாமல் ஆறியதுதானே? ஆமாம். ஆனால் ஆறாததெல்லாம் எங்கே? கொள்ளிடக்கரைப் புதரில் போய்ச் சுருண்டு படுத்தது, மாநகராட்சி வண்டியில் போனது, பாலத்தடியில் கிடந்தது. அவை தழும்பைக் காட்ட வீதிக்கு வருவதில்லை. பிழைத்ததை மட்டும் எண்ணினால் எந்த வைத்தியமும் நூற்றுக்கு நூறு வாங்கும், வைத்தியமே பார்க்காததும் வாங்கும்.

எடையையும் பார்க்க வேண்டும். தெருநாய்கள் தமக்குள் கட்டிப் புரளும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பருமன். முக்கால்வாசி உறுமலும் பல்லிளிப்பும்தான். பதினெட்டு கிலோ நாய் ஐந்து கிலோ நாயை முதுகோடு கவ்வித் தூக்குவதைச் சண்டைக் கணக்கில் சேர்க்க முடியாது. பெருச்சாளியைப் பிடித்து உதறுகிற அதே உதறல் அது.

அந்த உதறலில்தான் விஷயம் இருக்கிறது. “ரெண்டு பல்லுதான் பதிஞ்சிருக்கு, ரத்தம்கூட நின்னுடுத்து” என்று நானே போனில் தம்பியிடம் சொன்னேன். நாயின் தோல் நம் தோல்போலச் சதையோடு இறுக ஒட்டியதில்லை, தொளதொளச் சட்டை மாதிரி நழுவும். பல் தோலில் இறங்கி நிற்கிறது. உதறும்போது தோல் பல்லோடு இழுபட்டுப் போகிறது, அடியில் இருக்கும் சதை தன் பிடிப்பிலிருந்து பிய்கிறது. வெளியே பார்த்தால் குண்டூசி ஓட்டை. உள்ளே ஒரு பை. கடித்த நாயின் வாயிலிருந்த பாஸ்டுரெல்லா முதலான கிருமிகள், முடி, தெருமண் எல்லாம் அந்தப் பைக்குள். காற்றுப் படாத இடத்தில் பெருகும் கிருமிகளுக்கு இதைவிட வசதியான ஜாகை கிடையாது. ஒரு நாளிலிருந்து மூன்று நாளைக்குள் சீழ் பிடிக்கும்.

மார்பில் கடித்திருந்தால் விலா முறிந்து நுரையீரலைக் குத்தியிருக்கலாம். வயிற்றில் என்றால் குடல் ஓட்டையாகியிருக்கலாம். இதில் எதுவும் வெளியே தெரியாது. அதிர்ச்சியின் வேகத்தில் நாய் எழுந்து நடக்கும், வாலைக்கூட ஆட்டும். அதைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது, உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு வெளிறி, காது மடல் சில்லிட்டு, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடி மூச்சு வாங்கினால் அன்றைக்கே, அந்த மணியிலேயே டாக்டர். காவேரிப் பாலம் தாண்டிப் போகவேண்டியிருந்தாலும் ஆட்டோவைக் கூப்பிட வேண்டியதுதான். தூக்கும்போது அக்குளில் கைகொடுத்துத் தொங்கவிடாமல் ஒரு பலகையிலோ அகலத் தட்டிலோ துண்டு விரித்துக் கிடத்த வேண்டும். மடியில் வளர்ந்த நாயும் வலியில் கடிக்கும், அதற்காகக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சிட்டுவின் ஈறு நன்றாகத்தான் இருந்தது. அதனால் காத்திருந்தேன். மறுநாள் காலை முதுகு ஒருபக்கம் புடைத்து, கிட்டே போனாலே வாடை. டாக்டர் முடியை வழித்தார். இரண்டு என்று நான் எண்ணியது நாலாயிற்று. சுற்றிலும் கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. மயக்கம் கொடுத்துத் திறந்தபோது அவர் விரல் ஒரு ஓட்டையில் நுழைந்து அடுத்ததன் வழியாக வெளியே வந்தது. செத்த சதையை வெட்டி எடுத்து, கழுவி, சீழ் வடிய ரப்பர்க் குழாய் ஒன்றை வைத்து அனுப்பினார். “தைக்காமயே விட்டுட்டாரே, என்ன டாக்டர் இவர்!” என்று அதற்கும் ஒரு புகார் வந்தது. கடிக்காயத்தை அன்றே இறுக்கித் தைத்து மூடினால் உள்ளே இருப்பது எங்கே போகும்? வடிகாலை அடைத்துவிட்டு வீட்டைக் கட்டிய கதைதான்.

இனி நக்குவது. இதில் அரை உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆராய்ந்து 1990-ல் வெளியிட்டார்கள்: நாயின் எச்சில் ஈ.கோலையையும் ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸையும் கொல்கிறது. ஆனால் தோல் புண்ணில் அடிக்கடி தொல்லை தரும் ஸ்டெஃபிலோகாக்கஸிடம் அது பெரிதாக எடுபடவில்லை. அந்த எச்சிலும் தோலின் மேலேதான் படும், அடியில் இருக்கும் பைக்குள் இறங்காது. தவிர, சின்ன நாய்கள் கடிபடுவது பெரும்பாலும் கழுத்திலும் முதுகிலும். தன் கழுத்தைத் தானே நக்கிக்கொள்ளும் நாயை நான் இன்னும் பார்க்கவில்லை. எட்டுகிற இடமானால் சொரசொரப்பான நாக்கு புதுத்தோலை வளரவிடாது, தையலையும் பிரித்துவிடும். கழுத்தில் மாட்டும் அந்தக் கூம்பைப் பார்த்து “ஐயோ பாவம், ரேடியோக் குழாய் மாதிரி” என்று கழற்றிவிட்ட உறவினரால் எங்களுக்கு நாலு நாள் வீணாயிற்று.

மஞ்சளைப் பற்றிப் பேசினால் சண்டைக்கு வருவார்கள். விரல் நறுக்கிக்கொண்டால் போடுங்கள், நானும் போட்டுக்கொள்கிறேன். ஆழமான ஓட்டையில் மஞ்சளோ காப்பித்தூளோ அப்பினால் அது கார்க் மூடி. டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கும் நேரம் நாய்க்கு இன்னொரு தண்டனை. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு உயிருள்ள சதையையும் சேர்த்தே சுடும். லிட்டருக்கு 9 கிராம் உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊசி கழற்றிய சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவுவது போதும். மார்பிலோ வயிற்றிலோ திறந்த காயமானால் அதுவும் வேண்டாம், சுத்தமான துணியால் மூடிக்கொண்டு ஓட வேண்டும். மாமிகள் சரியாகச் சொன்னது ஒன்று உண்டு: ஈ. நம் வெயிலில் திறந்த புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். வேளைக்கு வேளை கட்டுத்துணி மாற்றுவதும் பகலில் கொசுவலைக்குள் படுக்கவைப்பதும் வெறும் அலங்காரமில்லை.

வலிக்குப் பாதி மாத்திரை. வீட்டில் எப்போதும் இருப்பது 650 மில்லிகிராம் பாராசிட்டமால். பாதி என்றால் 325. சிட்டுவின் எடைக்குக் கிலோவுக்கு 65 வருகிறது. டாக்டரே கொடுக்க நேர்ந்தால்கூடக் கிலோவுக்கு 10, 15-ஐத் தாண்ட யோசிப்பார். காலையில் பாதி, ராத்திரி பாதி என்றால் ஈரலுக்கு உலைவைக்கிறோம். ஐபூப்ரோஃபென் இன்னும் மோசம், இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். குழந்தைக்குக் கொடுக்கும் அளவுதானே என்பார்கள். குழந்தை வேறு, நாய் வேறு.

ரேபிஸ் விஷயத்தில் மட்டும் நான் பணிந்து பேசுவதாக இல்லை. “ஊசி போட்ட நாய்தானே” என்பது ஒன்று, “பத்து நாள் பாருங்கோ” என்பது இன்னொன்று. வருடா வருடம் போட்டிருந்தாலும் கடிபட்டதும் உடனே ஒரு பூஸ்டர் போட வேண்டும். போடாத நாயானால் டாக்டர் நாள் குறித்துப் பல தவணையாகப் போடுவார். பத்து நாள் கணக்கு கடித்த நாய்க்கு உரியது, கடிபட்டதற்கு இல்லை. நாயின் எச்சிலில் ரேபிஸ் கிருமி வருவது நோய் வெளிப்படுவதற்குச் சில நாள் முன்னால்தான். ஆகவே கடித்த நாய் பத்து நாள் கழித்தும் சுகமாகத் திரிந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். கடிபட்ட நாய்க்கு நோய் வருவதானால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட ஆகலாம். அதைப் பத்து நாள் பார்த்துவிட்டு “ஒண்ணும் இல்லை” என்பது அமாவாசையன்று நிலாவைத் தேடிப் பார்த்துவிட்டு நிலாவே இல்லை என்பது போல. கடித்தது குரங்கானாலும், தென்னந்தோப்புக் கீரியானாலும் டாக்டரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். கடித்த விலங்கின் எச்சில் உங்கள் நாயின் முடியில் ஈரமாக இருக்கிறது என்பதையும் யாரும் சொல்வதில்லை. கையுறை போட்டுக்கொண்டு கழுவுங்கள். கையில் கீறல் இருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உங்களுக்கும் ஊசி வேண்டுமா என்று கேளுங்கள். தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்தப் பழைய ஊசி 2004 கடைசியோடு இந்தியாவில் நின்றுவிட்டது, அது கொடுத்த பயம் மட்டும் நிற்கவில்லை.

சாப்பாட்டிலும் ஒரு சாஸ்திரம்: “பத்தியமா தயிர்சாதம் போடுங்கோ, முட்டை சூடு, புண்ணு பழுக்கும்.” பழுத்தது கிருமியால், முட்டையால் இல்லை. கிழிந்த சதையை மறுபடி கட்டுவதற்குப் புரதம் வேண்டும். வேகவைத்த முட்டை, உப்பில்லாத கோழி. எங்கள் வீட்டுக்குள் அது நுழையாது, அதனால் பன்னீரும் டாக்டர் எழுதிக்கொடுத்த டப்பா உணவுமாகச் சமாளித்தோம். கொல்லைப்புறத்தில் பால்காரர் தயவில் இரண்டு முட்டை அவித்து வந்ததை அம்மாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். வெங்காயம் நாய்க்கு ஆகாது என்பதில் மட்டும் எங்கள் தெரு நாய்களுக்கு யோகம், ஏகாதசி வேறு அடிக்கடி வந்துவிடுகிறது.

கடைசியாக, “ரொம்பக் கொஞ்சாதேள், பயம் ஜாஸ்தியாயிடும். நாளைக்கே அதே இடத்துக்கு இழுத்துண்டு போங்கோ, தெளிஞ்சுடும்.” புண் மூன்று வாரத்தில் மூடியது, பயம் மூடவில்லை. பயம் என்பது பரிசு கொடுத்தால் வளரும் வித்தை இல்லை. நடுங்கும் நாயை அணைத்துக்கொண்டால் அது நடுங்கக் கற்றுக்கொள்ளாது. இழுத்துக்கொண்டு போனால்தான் அந்த இடமும், கூடவே நாமும் சேர்ந்து பயத்தின் பகுதியாகிவிடுவோம். சிட்டுவுக்குக் கழுத்துப் பட்டை போய் மார்போடு கட்டும் வார் வந்தது. ஊர் அடங்கும் மதியத்தில் உத்திர வீதிப் பக்கம் நாலு வீடு தூரம் மட்டும். அவள் நின்றால் நாங்களும் நிற்பது. தூரத்தில் ஒரு நாய் தெரிந்தால், அவள் காது மடங்குவதற்கு முன்னாலேயே ஒரு பன்னீர்த் துண்டு. பகல்பத்து, ராப்பத்து, வேட்டுச் சத்தம் என்று கோயில் கூட்டம் முடியும்வரை அதுவும் கிடையாது, பின்கட்டு மட்டும்தான். தொட்டால் உறுமினாள் சில நாள். திமிர் என்றார்கள். தோலுக்கடியில் இன்னும் வலி இருந்தது, மருந்தை இரண்டு நாள் நீட்டியதும் உறுமல் நின்றது.

தை கடைசியில் ஒருநாள் அதே கேட்டுக்கு வெளியே சிட்டு வந்து நின்றாள். எதிர்வீட்டு மாமி கோலப்பொடியோடு நிமிர்ந்து பார்த்தார். முதுகில் முடி குட்டையாக முளைத்திருந்த இடத்தைக் காட்டி, “பார்த்தேளா, நான்தான் அன்னிக்கே சொன்னேனே, தானா ஆறிடும்னு!” என்றார்.