அநுரவை அளக்க ஏழு பேர்ச்சஸ்

அநுர குமார திசாநாயக்க உண்மையிலேயே முற்போக்காளரா? 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தல் காலத்தில் ஹற்றனிலும் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் எழுந்த இந்தக் கேள்வி, அவர் பதவியேற்று ஒரு வருடம் கடந்த பிறகும் ஓயவில்லை. ஓயவும் கூடாது.

அமெரிக்காவில் கட்சிகள் தம் ஜனாதிபதி வேட்பாளரை வாக்கெடுப்பு நடத்தியே தெரிவுசெய்கின்றன. 2016இல் ஹிலாரி கிளின்டனும் பேர்னி சாண்டர்ஸும் தம்மில் யார் முற்போக்காளர் என்று மேடையிலேயே மோதினார்கள். இலங்கையில் அந்த வழக்கம் இல்லை. வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கிறது. தோட்டத்து மக்கள் யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்பதைத் தொழிற்சங்கத் தலைமை அறிவிக்கிறது. வேட்பாளரை உரசிப் பார்க்கும் வேலை, வாக்குச்சீட்டு பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் மக்கள் கைக்கு வருகிறது.

நுவரெலியா மாவட்டம் அநுரவை உடனே நம்பிவிடவில்லை. ஜனாதிபதித் தேர்தலில் இங்கு முதலில் வந்தவர் சஜித் பிரேமதாச, அடுத்தவர் ரணில் விக்கிரமசிங்க, அநுர மூன்றாவது. ஆனால் நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தலில், இதே மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்தை அநுரவின் தேசிய மக்கள் சக்தி பெற்றது. நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் சென்றார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் அந்தச் சபைக்குத் தெரிவானது அதுவே முதல் தடவை. 2019இல் நாடு முழுவதும் 3.16 வீத வாக்கு மட்டுமே பெற்ற தலைவருக்கு இது பெரிய ஏற்றம். தொழிற்சங்கத் தலைமைகளின் சொல்லை மீறி மக்கள் எடுத்த முடிவு என்பதால் இந்த வாக்குக்குக் கூடுதல் கனம் உண்டு.

ஆயினும் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. 1965இல் ரோஹண விஜேவீர தொடங்கிய மக்கள் விடுதலை முன்னணி தன் உறுப்பினர்களுக்கு ஐந்து வகுப்புகள் நடத்தியது. அவற்றில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்'. தேயிலை மலையில் கூன் விழக் கொழுந்து பறித்த மக்களை அந்நிய வல்லரசின் கருவியாக அந்த வகுப்பு காட்டியது. பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, வாக்கும் இழந்து நின்ற சமூகத்தின் மீது, புரட்சி பேசிய இளைஞர் இயக்கமொன்று சந்தேகத்தை விதைத்தது. 2006இல், இணைக்கப்பட்டிருந்த வடக்கையும் கிழக்கையும் பிரிக்கக் கோரி உயர் நீதிமன்றம் சென்றதும் இதே கட்சிதான். அநுர வளர்ந்தது இந்தக் கட்சிக்குள். அவரை முற்போக்காளர் என்பவர்கள் இந்த வரலாற்றைத் தாண்டிக் குதித்துவிட முடியாது.

மலையகம் இடதுசாரிகளை அறியாத இடமல்ல. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டுக்குப் பலியானபோது, அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றது லங்கா சமசமாஜக் கட்சியின் சங்கம். 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது இடதுசாரி உறுப்பினர்கள் அதை எதிர்த்து வாக்களித்தார்கள். அன்றைய நாடாளுமன்றத்தில் அவர்கள் காட்டிய நேர்மையை மலையகம் மறக்கவில்லை.

பிறகு நடந்ததையும் மறக்கவில்லை. 1964இல் அதே சமசமாஜக் கட்சியின் தலைவர் என். எம். பெரேரா நிதியமைச்சராக இருந்த அரசாங்கமே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைச் செய்தது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கவும் இரண்டு பிரதமர்கள் கணக்குப் போட்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 1970இல் சிவப்புக் கட்சிகள் பங்காளிகளான கூட்டரசாங்கம் வந்தது, சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா பெருந்தோட்டத்துறை அமைச்சரானார். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆனால் தொழிலாளியின் பெயருக்கு ஒரு துண்டுக் காணி எழுதப்படவில்லை. 1977 மே 11ஆம் திகதி, தோட்டக் காணிகளைப் பிரித்தெடுப்பதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் டெவன் தோட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். காணிச் சீர்திருத்தம் கொழும்பில் முற்போக்கு நடவடிக்கையாகக் கொண்டாடப்பட்ட அதே ஆண்டுகளில், லயம் எனும் தோட்டத்து வரிசை அறைகளில் இருந்த மக்கள் அடுப்புக்கும் கூரைக்கும் அஞ்சி வாழ்ந்தார்கள்.

ஆகவே மலையகத்தில் ஒரு தலைவரை அளக்கக் கட்சியின் நிறமோ மேடைப் பேச்சோ போதாது. அளக்க வேண்டியவை மூன்று: சம்பளம், காணி, சமமான பிரஜை என்ற மதிப்பு.

மதிப்பு விடயத்தில் அநுர முன்னேறியிருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2023 மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200ஆவது ஆண்டு. அதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அந்த ஆண்டு ஒக்டோபரில் தேசிய மக்கள் சக்தி ஹற்றன் பிரகடனத்தை வெளியிட்டது. மலையகத் தமிழர் இந்த நாட்டின் சம உரிமையுள்ள மக்கள் என்று, விஸ்தரிப்புவாத வகுப்பு நடத்திய மரபிலிருந்து வந்த தலைமை பகிரங்கமாகச் சொன்னது. இது சிறிய மாற்றமல்ல. பழைய வகுப்பு தவறானது என்பதையும் கட்சி அதே தெளிவுடன் எழுத்தில் வைக்க வேண்டும்.

சம்பளத்திலும் அசைவு உண்டு. 1,000 ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. 2024 மே தினத்தில் கொட்டகலையில் ரணில் 1,700 ரூபா அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350இல் நின்றது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அநுர அதை 2026 ஜனவரி முதல் 1,550 ஆக்குவதாகவும், வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கம் 200 ரூபா ஊக்குவிப்புக் கொடுக்கும் என்றும் அறிவித்தார். மொத்தம் 1,750. இதற்காகத் திறைசேரியிலிருந்து 500 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது.

இந்த 200 ரூபாதான் விவாதத்தின் மையம். ஆதரிப்பவர்கள், ஓர் அரசாங்கம் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலிக்குத் தன் கையிலிருந்து பணம் கொடுப்பது முன்னேற்றமே என்கிறார்கள். எதிர்ப்பவர்கள், கம்பனி கொடுக்க வேண்டிய கூலியின் ஒரு பகுதி பொதுப்பணத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது என்கிறார்கள். இரண்டாவது வாதமே வலுவானது. தேயிலையின் இலாபம் கம்பனிக்கும் கூலியின் சுமை மக்களின் வரிக்கும் என்றால், அந்த ஏற்பாடு நீண்டகாலம் நிற்காது. அடுத்த அரசாங்கம் ஒரு கையெழுத்தில் அதை நிறுத்தலாம். நிர்ணயித்த கிலோ எடுக்காத நாளில் அரைப் பேர், அதாவது அரைநாட்கூலி மட்டும், போடும் வழக்கத்தைத் தொடாமல் சம்பள உயர்வு முழுமையாகக் கைக்கு வராது என்பது மலையேறும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும்.

காணியில்தான் உண்மையான சோதனை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. பின்னர் 53 வருடக் குத்தகை வந்தது. குத்தகைக்காரர் கம்பனி, காணியின் உரிமையாளர் அரசு. லயமும் அதன் முற்றமும் வீட்டுத் தோட்டமும் தொழிலாளிக்குச் சொந்தமாவதைத் தடுக்கும் பூட்டு அரசின் கையில்தான் இருக்கிறது. 2015க்குப் பின் வந்த ஆட்சி குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் என்றது. ஓர் ஏக்கரில் 160 பேர்ச்சஸ். ஏழு பேர்ச்சஸ் அதன் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கும் உறுதி கிடைக்காமல் வீடு கட்டிக் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் இந்திய உதவி வீட்டுத் திட்டத்தின் 2,000 பயனாளிகளுக்கு ஜனாதிபதி பத்திரங்களை வழங்கினார். அவை வங்கியில் வைத்துக் கடன் பெறக்கூடிய, பிள்ளைகளுக்கு எழுதிவைக்கக்கூடிய காணி உறுதிகளாக முடிய வேண்டும்.

அதற்கு அடுத்த மாதம் வந்தது டித்வா சூறாவளி. நுவரெலியா, பதுளை, கண்டி மலைச்சரிவுகள் இடிந்து விழுந்தன. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். வீடு முற்றாக அழிந்த குடும்பத்துக்கு 50 இலட்சம் ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது. லயன் அறையில் மூன்று தலைமுறையாக வாழ்ந்த குடும்பத்துக்கு அந்த அறையில் சட்டப்படி எந்த உரிமையும் இல்லை. காணியற்றவரின் இழப்பை எந்தப் படிவத்தில் எழுதுவது என்ற கேள்வியை மண்சரிவு எல்லோர் முன்னும் போட்டது. பாதுகாப்பான காணியைத் தோட்டங்களிலேயே பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கும்போது, பொறுத்திருங்கள் என்று சொல்ல இனி நியாயமில்லை.

அநுரவைப் பாதுகாப்பவர்கள் இரண்டு விடயங்களை முன்வைக்கிறார்கள். முதலாவது, 2022இல் வங்குரோத்தான நாட்டை, சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளுக்குள் நின்று நடத்த வேண்டியிருக்கிறது. இரண்டாவது, 1978 முதல் அமைச்சரவைகளில் அமர்ந்த மலையகத் தலைவர்கள் செய்யாததை ஒரு வருடத்தில் இவரிடம் கேட்பது முறையல்ல. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் குத்தகைக் காணியிலிருந்து குடியிருப்பு நிலத்தைப் பிரித்தெடுக்கும் சட்டத்துக்கு டொலர் தேவையில்லை. பாராளுமன்றத்தில் பெரும்பான்மை தேவை. 225 ஆசனங்களில் 159 அவர் பக்கம் இருக்கின்றன. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாகத் தேர்தலில் உறுதியளித்தும், 2025 முடியும்வரை அது நடைமுறையில் இருந்ததற்கும், பெரும்பான்மை இருந்தும் ஏன் செய்யவில்லை என்ற கேள்வி பொருந்தும்.

ஆகவே இன்றைய கணக்கு இதுதான்: மக்களாக மதித்ததில் அநுர முற்போக்காளர், சம்பளத்தில் பாதி, காணியில் இன்னும் நிரூபிக்கவில்லை. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்றோலில் இதற்கு அரைப் பேர்தான் விழும்.

வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஹற்றன் பிரகடனத்தை அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு செல்லுங்கள். நுவரெலியாவின் எட்டுப் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும், ஆளுங்கட்சி எதிர்க்கட்சி பாராமல், எழுத்தில் கேளுங்கள்: லயத்துக் குடும்பங்களுக்குக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் காணி உறுதி தரும் சட்டத்தை எப்போது கொண்டு வருவீர்கள்? அதற்கு வாக்களிப்பீர்களா? வரும் பதில்களை இவ்விதழ் ஒரு சொல்லும் வெட்டாமல் வெளியிடும்.