கற்பனை கெடாது

"ஓவிய நுட்பம் கற்பித்தால் பிள்ளைகளின் கற்பனை கெட்டுவிடும், பெரிய ஓவியங்கள் அவர்களுக்குப் புரியவும் புரியாது, தொடக்கப் பள்ளியில் தாளும் கிரேயானும் போதும்." படித்தவர்களே சொல்லும் வாதம் இது. தவறான வாதம்.

ஒன்று. எழுத்துக் கற்றதால் கதை சொல்ல மறந்த குழந்தை உண்டா? கோடு கற்றால் மட்டும் கற்பனை எப்படிக் கெடும்? நினைத்த யானை தாளில் வராதபோதுதான் பிள்ளை "எனக்கு வராது" என்று பென்சிலைக் கீழே வைக்கிறது.

இரண்டு. புரியாதாம். காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்கு வாருங்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மப் பல்லவன் எடுப்பித்தது. திருச்சுற்றின் சிற்றாலயங்களில் சோமாஸ்கந்தர் ஓவியத்தின் எச்சங்கள் இருக்கின்றன: அப்பா, அம்மா, நடுவே குழந்தை. ஏழு வயதுக்கு இதில் எது புரியாது? வண்ணம் உதிர்ந்த இடங்களில் சிவப்புக் கோடு தெரிகிறது. முதலில் கோடு, பிறகு வண்ணம் என்ற பாடத்தை அந்தச் சுவரே நடத்துகிறது. அதைச் சுட்டிக்காட்ட ஓர் ஆசிரியர் வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று. "ஓவியம் சோறு போடுமா?" என்றும் கேட்கிறார்கள். இதைக் காஞ்சிபுரத்திலா கேட்பது! பட்டுச் சேலையின் முந்தானை மயிலை முதலில் கட்டத் தாளில்தான் வரைகிறார்கள். கட்டத்துக்குக் கட்டம் பார்த்து அட்டையில் துளை விழுகிறது. துளைப்படி தறியின் ஜக்கார்டு கருவி பாவு நூலைத் தூக்குகிறது. வரைபவர் கட்டம் பிசகினால் பட்டில் மயிலின் கழுத்து கோணும்.

தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005-லேயே கலையைப் பாடமாக்கச் சொல்லிவிட்டது. தலைமை ஆசிரியர்களே, ஓவிய வகுப்பைக் கணக்குக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள்.