ஏரித் தண்ணீருக்கு என்ன விலை? விடை சொல்லும் 'கண்ணாடிக் கணக்கு'!

பொங்கல் முடிந்ததும் உத்திரமேரூர் பக்கத்து ஊர்களில் எழும் கேள்வி இது. ஏரியில் மிச்சமிருக்கும் தண்ணீரை நவரை நெல்லுக்கு முழுசாகத் திறந்துவிடுவதா, கோடையில் ஆடு மாடுகளுக்கும் கிணற்று ஊற்றுக்கும் கொஞ்சம் நிறுத்திவைப்பதா? இரண்டும் வேண்டும். ஆனால், இரண்டும் முழுசாகக் கிடைக்காது.

கணிதத்தில் இதற்குப் 'பல இலக்கு உகப்பாக்கம்' என்று பெயர். மதகை எந்த நாளில் எவ்வளவு திறப்பது என்ற பருவம் முழுவதற்குமான அட்டவணையே விடையாக வேண்டும் என்றால், அது 'வேரியேஷனல்' கணக்கு.

இதற்குள் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. ஒவ்வொரு கணக்குக்கும் கண்ணாடி பிம்பம்போல இன்னொரு கணக்கு உண்டு. அதுதான் 'இருமை'.

ஒரு பேச்சுக்கு, ஏரியில் 60 பங்கு தண்ணீர் இருக்கிறது. ஏக்கருக்கு 2 பங்கு தேவை, லாபம் 20,000 ரூபாய். 30 ஏக்கர் பயிரிட்டால் 6 லட்சம். இப்போது கண்ணாடிப் பக்கம்: பயிரே வைக்காமல் தண்ணீரை விற்பதானால், குறைந்தது என்ன விலை கேட்கலாம்? பங்குக்கு 10,000 ரூபாய். 60 பங்குக்கு அதே 6 லட்சம்! இரண்டு பக்கமும் ஒரே தொகை வந்தால், இதைவிட நல்ல திட்டம் இல்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

கோடைக்கு 20 பங்கு நிறுத்தினால் 10 ஏக்கர் குறையும். அதாவது, அந்தத் தண்ணீரின் விலை 2 லட்சம். வெயிலில் ஏரி நீர் ஆவியாகும் என்பதால், நிஜத்தில் இந்த விலையும் நாளுக்கு நாள் மாறும்.

இந்த இருமையை 1947-ல் ஜார்ஜ் டான்ட்ஸிக்கிடம் விளக்கியவர் ஜான் வான் நியூமேன். 1967-ல் மாண்ட், ஹேன்சன் இருவரும் அதை வேரியேஷனல் கணக்குகளுக்கும், 1992-ல் பெக்டர், ஹுசைன் இருவரும் பல இலக்குக் கணக்குகளுக்கும் கொண்டுசென்றார்கள்.

ஆனால், 30 ஏக்கரா, 20 ஏக்கரா என்று கணக்கு முடிவு செய்யாது. எதைப் பெற எதை இழக்கிறோம் என்று மட்டுமே காட்டும். முடிவு ஊருடையது. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைக் கவனிக்கவே தனியாக 'ஏரி வாரியம்' இருந்ததைச் சொல்கின்றன.

நவரைக்குத் தண்ணீர் விட்டால் லாபம் ஆயக்கட்டில் நிலம் உள்ளவருக்கு. மே மாதம் கிணறு வற்றினால் கஷ்டம் நிலமே இல்லாதவருக்கும். மதகைத் திறக்கும் முன் அந்த 2 லட்சத்தை யார் விட்டுக்கொடுப்பது, எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று பேசிவிட்டால், பாதிச் சண்டை குறையும்.